0.4 பெரியதா, 0.35 பெரியதா?

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

தசம எண்களை ஒப்பிடும் பாடத்தில், மாணவர் எழுதிய விடையைக் காட்டிலும் அவ்விடைக்கு அவர் எவ்வழியே வந்தார் என்பதே ஆசிரியர் முதலில் அறிய வேண்டியது; ஏனெனில், இங்கே தவறான விதியும் பல கணக்குகளுக்குச் சரியான விடையைத் தந்துவிடுகிறது. 0.75, 0.3 ஆகிய இரண்டில் பெரியது எது என்று கேட்டால், புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை முழு எண்ணாகவே கொண்டு, 75 என்பது 3-ஐவிடப் பெரியது என நினைக்கும் குழந்தையும் 0.75 என்றே சொல்லும். அதே குழந்தை 0.35-ஐ 0.4-ஐவிடப் பெரியது என்று காட்டும்போதுதான் பிழை வெளிப்படுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று பின்னப் பாடத்தில் சரியாகக் கற்ற மாணவர், இலக்கங்கள் கூடினால் மதிப்பு குறையும் என்று தாமே ஒரு விதி செய்துகொண்டு, 0.3-ஐ 0.75-ஐவிடப் பெரியது என்பார்; 0.4, 0.35 கணக்கிலோ அவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். கல்வி ஆய்வாளர் லாரன் ரெஸ்னிக் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பிழை விதிகளை அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் ஆகிய மூன்று நாட்டு மாணவர்களிடம் ஆராய்ந்தது. இவை கவனக்குறைவால் வருபவை அல்ல. முன்பு கற்றதை நேர்மையாகப் பொருத்திப் பார்ப்பதால் வருபவை. ஆகவே கடிந்துகொள்வதால் அவை நீங்குவதில்லை.

இட மதிப்பு, அதாவது ஓர் இலக்கம் நிற்கும் இடத்தால் அதற்குக் கிடைக்கும் மதிப்பு, கண்ணுக்குத் தெரிய வேண்டும். பத்துக்குப் பத்தாகக் கோடிட்ட ஒரு சதுரத்தை ஒன்று எனக் கொண்டால், ஒரு நெடுவரிசை பத்தில் ஒன்றும், ஒரு சிறு கட்டம் நூறில் ஒன்றும் ஆகும். 0.4-க்கு நான்கு நெடுவரிசைகளையும், 0.35-க்கு மூன்று நெடுவரிசைகளோடு ஐந்து கட்டங்களையும் வண்ணம் தீட்டும் குழந்தை, இரண்டாவது படத்தில் நான்காம் வரிசை பாதியே நிரம்பியிருப்பதைத் தானே காண்கிறது. நான்கு வரிசைகளில் நாற்பது கட்டங்கள் இருப்பதால் 0.4-உம் 0.40-உம் ஒன்றே என்பதும் அங்கேயே விளங்கிவிடுகிறது. இதற்கு முன்பே 'பூச்சியம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கு' என்று சொல்லிக்கொடுப்பது விடையைத் தரும், புரிதலைத் தராது. 0.35-ஐப் 'பூச்சியம் புள்ளி முப்பத்தைந்து' என்று படிப்பது புள்ளிக்குப் பின்னுள்ளதை முழு எண்ணாகக் கொள்ளத் தூண்டுவதால், அவ்வழக்கத்தையும் தொடக்கத்திலேயே தவிர்த்தல் நலம்.

எடுத்துக்காட்டுகளிலும் எச்சரிக்கை தேவை. ரூபாய்க் கணக்கில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கங்களே வருவதால், தவறான விதி அங்கே பிடிபடாமல் தப்பிவிடுகிறது. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்பது நான்கு ஓவரும் மூன்று பந்துகளும், அதாவது நான்கரை ஓவர். அந்தப் புள்ளி தசமப் புள்ளியே அன்று. ஓட்டப்பந்தய நேரங்களிலும் இலக்கங்கள் சம எண்ணிக்கையில் வருவதால் தவறான விதி பிடிபடாது; ஆனால் ஒவ்வோர் இடமாக ஒப்பிடும் முறையைக் காட்ட அவை பொருத்தமானவை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வென்ற வீராங்கனையின் நேரம் 55.41 விநாடி, இந்தியாவின் பி.டி. உஷாவின் நேரம் 55.42 விநாடி. இடமிருந்து வலமாக ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டு வரும் மாணவர், பத்தில் ஒன்றாம் இடம் வரை இரண்டும் சமமாக நின்று, நூறில் ஒன்றாம் இடத்தில்தான் பதக்கம் கைநழுவியது என்று காண்பார்.

ஆகவே, விதியைக் கரும்பலகையில் எழுதும் முன், 0.75, 0.3 என்ற இணையையும் 0.4, 0.35 என்ற இணையையும் ஒருசேரக் கொடுத்து, ஒவ்வொரு குழந்தையும் சொல்லும் காரணத்தைப் பொறுமையோடு கேட்டறிய வேண்டுகிறது இக்கடிதம்.