கழிவும் கணக்கும்

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கடை முகப்புகளில் பெரிய எழுத்தில் தொங்குவது ‘கழிவு’ என்ற சொல்தான். உண்மையான விலைக்கழிவு குடும்பத்துக்குப் பெரிய உதவி. ஆனால், கழிவு என்று எழுதப்பட்டதெல்லாம் கழிவாகிவிடாது. மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாவது, ஏற்றி இறக்கிய விலை. நேற்றுவரை 5,000 ரூபாவுக்கு விற்ற அபாயாவின் விலைச்சீட்டில் 7,000 என்று எழுதி, 30 வீதக் கழிவு கொடுத்தால் விலை 4,900 ரூபா. நமக்கு மிஞ்சுவது 100 ரூபா. அதாவது வெறும் 2 வீதம்.

இரண்டாவது, கூப்பன். 5,000 ரூபாவுக்குப் பொருள் வாங்கினால் 500 ரூபா கூப்பன் தருகிறார்கள். அதை அடுத்த வாரம் இன்னும் 5,000 ரூபாவுக்கு வாங்கினால்தான் பயன்படுத்தலாம் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். 10,000 ரூபாவில் 500 ரூபா என்றால் கழிவு 10 வீதமல்ல, 5 வீதமே.

மூன்றாவது, லோயல்டி அட்டை. 100 ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு ரூபா என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாப் பொருளுக்கு 5 ரூபா கிடைக்கும். அதே பொருள் பக்கத்துக் கடையில் 480 ரூபா என்றால், 5 ரூபாவுக்காக 20 ரூபாவை விடுகிறோம்.

இவற்றுள் முதலாவது ஏமாற்று. மற்ற இரண்டிலும் நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் வியாபாரியைக் குறைகூற முடியாது. கணக்குப் பார்க்க வேண்டியது நாம்தான். நிபந்தனையை மறைத்தால் அதுவும் ஏமாற்றே.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் கூறுகிறது. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். சிறிய எழுத்தில் ஒளிக்கப்படும் நிபந்தனையும் உள்ளே நனைந்த தானியம்தான்.

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. அதன் 30 ஆம் பிரிவு, வியாபாரத்தில் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. குறிக்கப்பட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் உண்டு.

உம்மா, வாப்பாவுடன் கடைக்குப் போகும் மாணவிகளே, தேவையானவற்றை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரிய பக்கெட் மலிவு என்று நம்பாமல் 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். தட்டில் ஒட்டியுள்ள விலையையும் பற்றுச்சீட்டில் விழுந்த விலையையும் கடையை விட்டு வெளியேறு முன் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. நாம் கேட்டால்தான், சரியான விலைக்கு விற்கும் நேர்மையான வியாபாரியும் நிலைப்பார்.