கட்சாலுக்கு மூன்று பென்டிரைவ்

கோத்தகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசினால் பாதியில் அறுந்து போகிறது. பென்டிரைவ் எப்படியும் தபாலில்தான் வந்தாக வேண்டும். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படி.

உன் அண்ணன் ஸ்ரீவிஜயபுரத்தில் வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டது. அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தவணையில் புதிது எடுக்கலாமா என்று அப்பா யோசிப்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்.

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் இன்னும் ஓராண்டு வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அதுவும் 2026 அக்டோபரோடு சரி. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. உன்னுடையது ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விதி அதைத் தள்ளிவைத்திருக்கிறது. அதன் உடம்பில் கோளாறு இல்லை. இந்த வரிசை லேப்டாப்புகளை வாராவாரம் கடையில் திறந்து பார்க்கிறவன் சொல்கிறேன், அதில் லினக்ஸ் போட்டால் உன் பி.காம் முடிந்த பிறகும் ஓடும்.

ஆனால் நீ இருப்பது கட்சால் தீவு. இங்கே கோத்தகிரியில் ஒருவர் லினக்ஸ் போட்டு நடுவில் மாட்டிக்கொண்டால் பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிடுவார். உனக்கு அந்த வசதி கிடையாது. சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்து வைத்தார்கள். கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் என்று அது கரையேறிய தீவுகளின் பட்டியலில் பக்கத்துத் தீவான கமோர்டா இருக்கிறது, உன் தீவு இல்லை. உனக்கு நான் தேர்ந்தெடுத்திருக்கும் லினக்ஸ் வகை மின்ட்; அதை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. அதை உங்கள் ஊர் மில்டேராவில் உட்கார்ந்து இறக்கச் சொல்வது நியாயமில்லை. அதனால்தான் இந்தப் பார்சல். தேவையானதெல்லாம் கைக்கு வந்து சேராமல் வேலையைத் தொடக்கூடாது. உனக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்.

முதல் வேலை நகல் எடுப்பது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபார் தீவுகளிலேயே மிகக் கடுமையாக அடிபட்டவற்றில் கட்சாலும் ஒன்று. ஆட்களையே இழந்து நின்ற ஊரில் போட்டோவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனாலும் உன் அம்மாவின் கல்யாண ஆல்பம் அன்றைக்குத்தான் போனது. இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் படங்களெல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை, நாங்கள் இங்கிருந்து அனுப்பியவை. அவற்றை நீ அந்த லேப்டாப்பில் ஏற்றி வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். பார்சலில் இருக்கும் நீலப் பென்டிரைவ் காலியாக இருக்கிறது; அது இதற்காகத்தான். படங்கள், இக்னோ பாடக் கோப்புகள், அப்பாவின் ஆவணங்கள் எல்லாவற்றையும் அதில் நகலெடு. எடுத்த பிறகு உன் தோழியின் கணினியிலோ போனிலோ அதைச் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பார். திறந்தால்தான் நகல். அதை அம்மாவின் பீரோவில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு வா.

அடுத்து விண்டோஸின் செட்டிங்ஸில் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஓடுகிறதா என்று பார். ஓடினால் அதை அணைத்து, பூட்டு முழுதாகக் கழலும்வரை காத்திரு. அது இருக்கும்போது டிஸ்க்கில் கை வைத்தால் மீட்புச் சாவி கேட்டு நிற்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடு. அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸால் அந்தப் பகுதியில் எழுத முடியாது.

இனி கறுப்புப் பென்டிரைவ். அதில் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இருக்கிறது. சின்னமன் பதிப்பு கண்ணுக்கு இன்னும் அழகு. ஆனால் 4 ஜிபி ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇதான் இலகு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். செருகிவிட்டு இயக்கு; டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டு. வரும் மெனுவில் பென்டிரைவைச் சோதிக்கும் வரி ஒன்று இருக்கிறதா என்று பார். இருந்தால், கப்பலில் வந்த பொருள் என்பதால் முதலில் அதை ஓட்டிவிடு. பிறகு மின்ட் நேரே பென்டிரைவிலிருந்தே எழுந்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது. இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்துப் பழகு. சத்தம் வருகிறதா, வெளிச்சம் குறைகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, உங்கள் வீட்டு பிரிண்டர் பேசுகிறதா என்றெல்லாம் பார்த்துவிடு. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போடாதே. வைஃபை தெரியவில்லை என்றால் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கு. பெரும்பாலும் அந்த வழி டிரைவர் எதுவும் கேட்காது.

இங்கே ஒரு யோசனை. லினக்ஸ் போடச் சொல்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸை முழுசாக அழிக்கச் சொல்வார்கள். உன் விஷயத்தில் எனக்கு அதில் சம்மதமில்லை. நீ படிப்பது பி.காம். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் டேலி தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். டேலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. லினக்ஸில் குனூகேஷ் இருக்கிறது, கணக்கின் இலக்கணம் புரிய அது நல்லது, ஆனால் டேலிக்குப் பதில் ஆகாது. 500 ஜிபியில் பாதியை விண்டோஸுக்கு விட்டுவிடு. இன்டர்நெட்டை அதில் திறக்காதே. டேலி பழக மட்டும் வைத்துக்கொள். வங்கி, மெயில், இக்னோவின் ஈ-ஞானகோஷ், படம் பார்ப்பது எல்லாம் மின்டில். திருத்தம் நின்றுபோன விண்டோஸை வலையில் விடாமல் வைத்திருந்தால் பெரிய ஆபத்து இல்லை.

நிறுவும்போது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்கிவிடு. பிறகு மின்டில் "இன்ஸ்டால் அலாங்சைட்" என்ற வரியைத் தேர்ந்தெடு. "எரேஸ் டிஸ்க்" என்று ஒரு வரி அதற்குப் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொட்டால் எல்லாம் போகும். அவசரத்தில் கை அங்கே போகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் ஊர் கரண்ட் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. பேட்டரி முழுக்க ஏறிய பிறகு, கரண்ட் நிற்காத நேரம் பார்த்துத் தொடங்கு. உன் பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது என்றால் அதற்கு வழி செய்யாமல் தொடாதே.

மூன்றாவது, சிவப்புப் பென்டிரைவில், நம் கடைக் கணினி ஒன்றில் அதே மின்ட் பதிப்பைப் போட்டு, தமிழ் தட்டச்சுக்கு வேண்டிய பொதிகளை இறக்கி எடுத்து வைத்திருக்கிறேன். வலையில்லாமலே நிறுவலாம். எம்17என் பொதியில் தமிழ்99 இருக்கிறது, ஒலியியல் முறை இருக்கிறது, இலங்கையில் அடிக்கும் ரங்கநாதன் முறையும் இருக்கிறது. ஹட்டனில் இருக்கும் நம் பிள்ளைகள் அடிப்பது அந்தக் கடைசி முறைதான். பழகாத கையோடு தொடங்குகிற நீ தமிழ்99-ஐப் பிடித்துக்கொள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் பொதுவாக ஏற்றது அது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் குப்பையாகத் தெரிந்தால் பயப்படாதே, அந்த எழுத்துருவையும் போட்டிருக்கிறேன்.

அதே பென்டிரைவில் து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இருக்கிறது. கணியம் இதழில் வந்து, யாரும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு மின்னூலானது. கட்டளை அடிக்கும் பகுதியை அவசரமில்லாமல் படி. தமிழிலேயே இப்படியொரு விஷயத்தைப் படிக்க முடிவது பெரிய கொடுப்பினை. நான் தொழில் கற்றபோது ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன்.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2011-இல் அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸும் சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் பாஸைத் திறந்தே பார்க்கவில்லை. கடைக்குக் கொண்டுவந்து, இடம் அடைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். கேரளத்தில் அதே காலத்தில் அரசுப் பள்ளிகளில் லினக்ஸில் பாடம் நடந்தது, இன்றுவரை நடக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள், பாடப் புத்தகத்தையே அதற்கு ஏற்றபடி எழுதினார்கள். மென்பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததுதான் வித்தியாசம். கட்சாலில் அந்த ஆளாக நீ ஆகலாம். நீ கற்றுக்கொண்டதைக் கபங்காவில் இருக்கும் உன் நிக்கோபாரி தோழிக்கும் போட்டுக் கொடு. மின்ட் பென்டிரைவை நகலெடுத்துக் கொடுப்பதில் திருட்டு எதுவும் இல்லை, அதன் உரிமமே அதை அனுமதிக்கிறது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தபோது இந்த உரிமையைத்தான் முன்வைத்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும், அடுத்த ஆண்டு குனூவின் உரிமத்தின் கீழ் வந்தது. உன்னைவிட இரண்டு வயதுதான் மூத்த பையன் அப்போது!

நம் குடும்பக் கதையையும் நினைத்துப் பார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் இலங்கையிலிருந்த நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களில் சிலர் இந்த மலையில் தேயிலைக்கு வந்தார்கள், சிலர் கட்சால் ரப்பருக்குப் போனார்கள். எங்கே இறங்கினாலும், இருப்பதைப் பழுது பார்த்துப் பிழைக்கத் தெரிந்தவர்கள். உன் தாத்தா மண்வெட்டிப் பிடியைக்கூடத் தானே செதுக்கிப் போடுவார் என்று அம்மா சொல்வாள். உன் லேப்டாப்பை நீயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவது அதனால்தான்.

திருத்தங்களை மொத்தமாகச் சேர்த்துக்கொள், கமோர்டா பக்கம் போகும்போது இறக்கு. பாதுகாப்புத் திருத்தம் முதலில், மற்றவை பிறகு. பெரிய திருத்தத்துக்கு முன் டைம்ஷிஃப்டில் ஒரு நிலைப்படம் எடுத்து வை; கெட்டுப்போனால் பின்னால் திரும்பலாம். ஃபயர்ஃபாக்ஸில் ஒரே நேரத்தில் நிறைய டேப் திறக்காதே, 4 ஜிபியை அதுதான் தின்னும்.

உப்புக் காற்றும் ஈரமும் உங்கள் ஊரில் லேப்டாப்புக்கு எமன். பயன்படுத்தாத நாளிலும் கொஞ்ச நேரம் இயக்கி வை. பைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வை, பார்சலில் நாலைந்து வைத்திருக்கிறேன். ஹார்டு டிஸ்க் ஓடும்போது கட் கட் என்று சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேள். வந்தால் இப்போதைக்கு எதையும் நிறுவாதே. அடுத்த மாதம் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று அண்ணன் விலாசத்துக்கு அனுப்புகிறேன், அவன் கப்பலில் வரும்போது கொண்டுவரட்டும். லேப்டாப்பின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை, மாடல் எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. எந்த ஸ்குரூவைக் கழற்ற வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா