அட்டாளைச்சேனையில் ஒரு கலியாண மண்டபம்: காணி பார்ப்பது முதல் கதவு திறப்பது வரை

இலங்கையின் கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. தாய் வளவைப் பிரித்துப் பிரித்து மகள்மாருக்கு வீடு எழும்ப எழும்ப, பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்ட முற்றம் சுருங்கிப் போனது. நிக்காஹும் வலீமாவும் மண்டபத்தைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிதாக மண்டபம் கட்ட நினைப்பவரின் மனதில் முதலில் வருவது மேடையும் மின்விளக்குகளும்தான். முதலில் வர வேண்டியது கூட்டம். எத்தனை பேர் வருவார்கள், எப்படி உட்காருவார்கள், வண்டியை எங்கே விடுவார்கள், அவசரத்தில் எந்த வாசலால் வெளியேறுவார்கள் என்பதற்கு விடை கிடைத்த பிறகுதான் வரைபடம்.

1. கூட்டத்தைக் கணக்கிடுதல்

வட்ட மேசை போட்டுப் பரிமாறினால் ஆளுக்கு ஏறத்தாழ 12 சதுர அடி வேண்டும். 500 பேருக்கு 6,000 சதுர அடி. மேடை, சமையல் கூடம், தொழுகை அறை, வுழூ செய்யும் இடம், கழிப்பறை எல்லாம் இதற்கு மேல். சஹன் எனும் பெரிய தட்டில் கூடிச் சாப்பிடுவதென்றால் கணக்கு மாறும். ஐந்தாறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருப்பதால் மேசை, கதிரைக்கான இடம் மிச்சப்படும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பிக் கை கழுவப் போவார்கள். குழாய் வரிசை அதற்கேற்ப நீள வேண்டும்.

பெண்கள் பகுதியைப் பின்பக்கத்து மூலையாக எண்ணக்கூடாது. பிள்ளைகளோடு வருவதால் அங்கேதான் நெரிசல் அதிகம். தனி வாசல், தனிக் கழிப்பறைகள், மணமகள் அறை, பாலூட்டும் அறை ஆகியவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

வாகனத்துக்கு ஓர் எளிய கணக்கு: ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. ஒரு கார் நின்று திரும்ப ஏறக்குறைய அவ்வளவு இடம் தேவை. 40 காருக்கு 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். அதை ஒதுக்காவிட்டால் வண்டிகள் ஏ4 பிரதான வீதியில்தான் நிற்கும்.

2. காணி பார்த்தல்

உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுவதோடு வேலை முடிவதில்லை. மலிவாகக் கிடைக்கும் காணி பெரும்பாலும் வயலாகவோ தாழ்நிலமாகவோ இருக்கும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வயலை நிரப்ப முடியாது.

கடற்கரைக் காணிக்கு வேறு சிக்கல். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கடலை நம்ப முடியாது. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கண்ணால் கண்டவர்கள்.

காணியை மாரியில் ஒருமுறை நேரில் பார்ப்பது அவசியம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். காணி மேடாக இருப்பது மட்டும் போதாது. அதற்கு வரும் வழியும் வெள்ளத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

3. அனுமதிகள்

தொடக்கம் அட்டாளைச்சேனை பிரதேச சபை. முழு வரைபடத்துக்குச் செலவழிக்கும் முன் பூர்வாங்கத் திட்ட அனுமதி கேட்பது நல்லது. இடத்தைப் பொறுத்து நகர அபிவிருத்தி அதிகார சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகியவற்றின் ஒப்புதலும் தேவைப்படலாம். சமையல் கூடத்தையும் கழிவுநீரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும்.

4. கட்டடம்: காற்று, உப்பு, தீ

வெயில் காலத்துக் கச்சான் காற்று அனலாக வீசும்; மாரியில் வாடைக் காற்று மழையை அள்ளிக்கொண்டு வரும். யன்னல்களும் வராந்தாவும் இந்த இரண்டையும் மனதில் வைத்து அமைய வேண்டும். உப்புக் காற்றில் இரும்புக் கூரைச் சட்டங்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். முதல் பூச்சிலேயே சிக்கனம் பிடித்தால் பிறகு இரட்டைச் செலவு.

தீ விடயத்தில் சமரசம் கூடாது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றி எரிந்தது. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒடுக்கமான படிக்கட்டு உயிர்ப்பலியைக் கூட்டியது. 2023 செப்டெம்பரில் ஈராக்கின் கரகோஷில், மண்டபத்துக்குள் கொளுத்திய வாணத்தால் எளிதில் தீப்பிடிக்கும் கூரைப் பலகைகள் எரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 500 பேருக்கு மேல் கூடும் இடத்துக்குக் குறைந்தது மூன்று வெளியேறும் வாசல்கள் என்பது பல நாடுகள் பின்பற்றும் அளவு. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். விழா நேரத்தில் எந்தக் கதவுக்கும் பூட்டுப் போடக்கூடாது. உள்ளே வாணத்துக்கு இடமே இல்லை.

2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அதை நினைவில் வைத்து ஜெனரேட்டரின் திறனை முடிவு செய்யலாம்.

5. பணமும் பருவமும்

வட்டிக் கடனைத் தவிர்ப்பவர்கள் பங்குதாரர்களைச் சேர்க்கலாம். 2011 இல் தொடங்கிய அமானா வங்கி போன்றவற்றின் இஸ்லாமிய நிதி முறைகளையும் விசாரிக்கலாம். எந்த வழியானாலும் வருமானம் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில் வராது. நோன்பு மாதத்திலும் அடைமழையிலும் மண்டபம் சும்மா கிடக்கும். நோன்பு ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்வதால் 2030 இல் ஜனவரித் தொடக்கத்திலும் டிசம்பர் இறுதியிலும் வரும். மழைக்கால ஓய்வும் நோன்பு ஓய்வும் ஒன்றாகி, வெயில் மாதங்கள் முழுக்கக் கலியாணத்துக்குக் கிடைக்கும். ஐந்தாண்டுக் கணக்கு எழுதுபவர் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கலியாணம் இல்லாத நாட்களுக்கு வேறு வாடிக்கையாளர் உண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரி, பாடசாலைகள், இலக்கிய வட்டங்கள் எல்லாம் நிகழ்ச்சி வைப்பவை. அவர்களுக்காக 150 பேர் அளவில் ஒரு சிறு அறை கட்டுவது லாபம்.

6. ஒப்பந்தமும் ஒழுங்கும்

வாடகைப் பத்திரத்தில் நேரம், முற்பணம், ரத்தானால் திருப்பித் தரும் தொகை, சத்தம், குப்பை ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை வெலிகமப் பள்ளிவாசல் வழக்கில் 2007 இல் உயர் நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்கு 2023 ஒக்டோபர் முதல் தடை. இது வெறும் விதி அல்ல: அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 இல் செய்தி வந்தது. எச்சில் சோற்றையும் மற்றக் குப்பையையும் பிரித்துப் போட இரண்டு தொட்டிகளும், பிரிக்க ஓர் ஆளும் வேண்டும்.

7. திறப்பு

அமைச்சரை அழைத்து நாடா வெட்டும் முன் ஒரு வெள்ளோட்டம் வேண்டும். ஒரு மத்ரசாவின் பரிசளிப்பையோ கவியரங்கையோ இலவசமாக நடத்த விட்டால் குழாயின் அழுத்தம், வடிகால், ஒலி, ஜெனரேட்டர், வாகன ஒழுங்கு எல்லாம் ஒரே மாலையில் தெரிந்துவிடும். குறைகளைத் திருத்த ஒரு மாதம் ஒதுக்கி, அதன் பிறகு முதல் கலியாணத்தைப் பதிவு செய்யலாம். இணக்கச் சான்றிதழ் கைக்கு வரும் முன் யாரிடமும் முற்பணம் வாங்காதீர்கள்.