ஒருவழியாகி, மறுபடி இருவழியான சாலை

ஹைவே என்ஜினியரிங் பரீட்சையில் "ஒருவழிப் பாதையின் நன்மைகள் யாவை?" என்று கேட்டால் நாம் எல்லோரும் கடகடவென்று எழுதிவிடுவோம். தீமைகள் கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. அதற்கு லண்டன் நகரின் நடுவில் உள்ள டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நல்ல பாடம்.

தெற்கே ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் முனையில் தொடங்கி வடக்கே யூஸ்டன் ரோடு வரை போகிற கடைவீதி இது. வழியில் மூன்று பாதாள ரயில் நிலையங்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கும் மரச்சாமானுக்கும் பேர்போன இடம். 1961-இல் இதை வடக்கு நோக்கிய ஒருவழியாக மாற்றினார்கள். தெற்கே போகிற வண்டிகளைப் பக்கத்து கோவர் ஸ்ட்ரீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? ஒரு பேப்பரில் நாற்சந்தி வரைந்து பாருங்கள். திசைக்கு ஒரு தடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சாலையும் இருவழி என்றால் வண்டிகள் பிரியும் இடம் 8, சேரும் இடம் 8, குறுக்கே வெட்டும் இடம் 16. ஆக 32 மோதல் புள்ளிகள். இரண்டும் ஒருவழி என்றால் பிரிவது 2, சேர்வது 2, வெட்டுவது 1. மொத்தம் ஐந்தே ஐந்து!

சிக்னல் கணக்கும் சுலபம். சிக்னல்கள் 300 மீட்டர் இடைவெளியில் இருந்து, வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் (அதாவது நொடிக்கு 10 மீட்டர்) வந்தால், அடுத்த சிக்னலில் 30 நொடி கழித்துப் பச்சை விழவேண்டும். ஒரு திசைக்கு மட்டும் என்பதால் இதை வரிசையாக அமைத்துவிடலாம். இரண்டு திசைக்கும் சேர்த்து அமைப்பதுதான் தலைவலி.

சரி, நஷ்டம் யாருக்கு? வந்த பஸ் ஒரு தெருவில் இறக்கிவிடும், திரும்பும் பஸ் அடுத்த தெருவில் நிற்கும். ஊருக்குப் புதியவர் அதைத் தேடி அலையணும். கார்க்காரருக்கும் சிரமம் உண்டு. சுற்றளவு ஒரு கிலோமீட்டர் உள்ள பிளாக்கில் கடையை 100 மீட்டர் தாண்டிவிட்டால், மீதி 900 மீட்டர் சுற்றித்தான் வரமுடியும். எதிரே வண்டி வராததால் ஓட்டுபவர் வேகம் கூட்டுவார். சாலையைக் கடக்கிற வயசானவருக்கு அது ஆபத்து. நம் கணக்கில் வந்த 32-ம் 5-ம் வண்டிக்கு வண்டி மோதும் புள்ளிகள்தான். நடப்பவரை அதில் சேர்க்கவே இல்லை, கவனித்தீர்களா?

லண்டன்காரர்கள் கணக்கை மறுபடி போட்டார்கள். கேம்டன் கவுன்சிலின் வெஸ்ட் எண்ட் திட்டத்தில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடும் கோவர் ஸ்ட்ரீட்டும் திரும்பவும் இருவழியாயின. நடைபாதை அகலமானது. டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டின் சில பகுதிகளில் பகல் நேரத்தில் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும்தான் முன்னுரிமை. 2022 மே மாதம் எலிசபெத் ரயில் பாதை திறந்து, அந்தச் சாலைக்கு வரும் கூட்டம் பெருகியபோது இந்த அகலம் கைகொடுத்தது. அதே லண்டனில் பிக்காடிலி 2011-லும், பேக்கர் ஸ்ட்ரீட் 2019-லும் இப்படியே இருவழிக்குத் திரும்பின.

இதனால் ஒருவழியே தப்பு என்று எழுதிவிடாதீர்கள்! இரண்டு பஸ் ஒதுங்க இடமில்லாத குறுகிய தெருவுக்கு வேறு வழி கிடையாது. ஆனால் எந்தத் தெருவுக்கு, யாருக்காக என்று கேட்டுவிட்டுச் செய்யணும்.

நாளைக்கு நம்மில் சிலர் ஓவர்சியராகவோ ஜூனியர் என்ஜினியராகவோ ஒரு பிளானில் அம்புக்குறி போடப்போகிறோம். போடுவதற்கு முன்னால் அந்தத் தெருவில் ஒருநாள் பஸ்ஸுக்காக நின்று பார்ப்போம். குறுக்கே நடந்தும் பார்ப்போம். மோதல் புள்ளிகளை அப்புறம் எண்ணலாம்.