ஒரு நூல் குறைந்தால்...

நவராத்திரி நெருங்கினால் தில்லி வாழ் தமிழர் இல்லங்களில் டிரங்குப் பெட்டிகளுக்கு மதிப்புக் கூடிவிடும். பெட்டிமேல் பெட்டி அடுக்கி வேட்டியைப் போர்த்தினால் கொலுப்படி தயார். மரப்பாச்சியையும் செட்டியார் பொம்மையையும் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விடலாம். படியைக் கொண்டுவர முடியுமா?

"அத்தை கொடுத்த பொம்மைகளைப் பெட்டிமேல் வைக்க மனசு வரலீங்க. இந்த வருஷமாவது மரப்படி வேணும்" என்றாள் மனைவி.

"ஆசாரி எதற்கு? நானே செய்கிறேன்" என்றேன். வினை அங்கே தொடங்கியது. அதில் கற்ற பாடங்களை, ரம்பத்தைக் கையில் எடுக்கத் துணியும் சங்க அன்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

என் திட்டம் எளிது. பெஞ்சு மாதிரி மூன்று படிகள். கால்களின் உயரம் 8, 16, 24 அங்குலம். ஒவ்வொன்றுக்கும் நாலு கால். 8 அடிச் சட்டம் என்பது 96 அங்குலம். நாலெட்டு 32, நாலு பதினாறு 64; கூட்டினால் சரியாக 96. நாலு இருபத்துநாலும் 96! இரண்டே சட்டத்தில் வேலை முடிந்தது, ஒரு துண்டு கூட வீணில்லை என்று காகிதத்தில் கண்டு பூரித்தேன்.

பாடம் 1: ரம்பமும் மரம் தின்னும்

ரம்பத்தின் பற்களைப் பாருங்கள். ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சற்றுச் சாய்ந்திருக்கும். இல்லாவிட்டால் ரம்பம் மரத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் கைரம்பத்தின் ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் மரம் தூளாகிறது. முதல் சட்டத்தில் எட்டுக் கால், ஏழு வெட்டு. கடைசிக் கால் அரை அங்குலத்துக்குச் சற்றே குறைவாகக் குட்டையாகி நின்றது. காணாமற்போன மரம் தரையில் தூளாகக் கிடந்தது. ஆகவே சட்டம் வாங்கும்போது சில அங்குலம் கூடுதலாக வாங்குங்கள். வெட்டும்போது கோட்டின்மேல் வெட்டாமல், கழிக்கிற பக்கமாக வெட்டுங்கள்.

பாடம் 2: கொக்கி ஆடத்தான் வேண்டும்

இரும்பு டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடும். மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே சுத்தியலால் தட்டி இறுக்கினேன். உண்மையில் அது ஆடுவதற்கென்றே செய்யப்பட்டது. பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே நகரும். சுவரில் முட்டினால் உள்ளே நகரும். நகரும் தூரம் கொக்கியின் கனம்தான். இறுக்கிய டேப் இரண்டில் ஓர் அளவில் பொய் சொல்லியே தீரும்.

பாடம் 3: தரையை நம்பாதீர்

குட்டைக் காலுக்குச் சமமாக மற்ற மூன்றையும் குறைத்து, படியைப் பால்கனியில் நிறுத்தினேன். ஆடியது. ஒரு காலை இழைத்தேன், எதிர்ப்பக்கம் ஆடியது. அதையும் இழைத்தேன். ஒருவழியாக ஆட்டம் நின்றதும் பெருமையுடன் கூடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே மறுபடி ஆடியது! பால்கனித் தரை மழைநீர் வடிய வாட்டம் விட்டுப் போட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டங்குலப் படி ஆறரை அங்குலம் ஆகியிருந்தது.

"இது கொலுப்படியா, உட்காரும் மணையா?" என்றாள் மனைவி.

பாடம் 4: தெரிந்தவரைக் கேள்

மறுநாள் தெருமுனை மிஸ்திரி வந்தார். ரம்பத்தைத் தொடவே இல்லை. ரசமட்டத்தைப் படிமேல் வைத்தார். குறைந்த கால்களின் அடியில் மெல்லிய மரச் சில்லுகளைச் செருகிப் படியை மட்டமாக்கினார். பிறகு ஒரு சிறு மரத்துண்டைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் பென்சிலைப் பிடித்தபடி நாலு கால்களையும் சுற்றிக் கோடு போட்டார். அந்தக் கோட்டில் ஒரே தடவை வெட்டியதும் ஆட்டம் நின்றது. அடுத்த படியைப் பார்த்து, "தோ சூத் கம் ஹை, பாபுஜி" என்றார்.

சூத் என்றால்? அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று டேப்பில் விரல் வைத்துக் காட்டினார். எனக்குச் சிறு வயதில் எங்கள் வீட்டுக்குக் கதவு மாட்டிய ஆசாரி நினைவுக்கு வந்தார். "இன்னும் ஒரு நூல் எடுக்கணும்" என்பார். அந்த நூலும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஹிந்தியில் சூத் என்றாலும் நூல் என்றே பொருள்! மெட்ரிக் அளவுக்கு மாற 1956-இல் சட்டம் வந்தது; பிளைவுட் கனத்தை மில்லிமீட்டரில் கேட்கிறோம். ஆனாலும் அங்கே ஆசாரியின் கையிலும் இங்கே மிஸ்திரியின் கையிலும் அதே நூல் இருக்கிறது.

தில்லியிலேயே பிறந்து வளரும் என் மகளிடம் இதைச் சொன்னேன். பலநாள் சொல்லியும் மனத்தில் பதியாத தமிழ்ச் சொற்கள் உண்டு. இது உடனே பதிந்துவிட்டது. கொலு வைத்த அன்று மேல்படியில் பாட்டியின் மரப்பாச்சியை வைத்தவள், சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "அப்பா, ராஜாவை ஒரு நூல் இடது பக்கம் தள்ளணும்" என்றாள்.

தள்ளினேன். சரியாகத்தான் இருந்தது.