வெந்நீருக்கும் ஓர் அளவு உண்டு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பழுப்பு நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, 1962 முதல் மின்சாரம் தரும் ஊர் நெய்வேலி. அவ்வூரில் வளர்ந்த எனக்கு வெப்பநிலைப் பாடத்தைப் புகட்டியது என் தாயின் கை. அவர் ஓர் உணவு விடுதியில் பாத்திரம் துலக்குபவர். அங்குள்ள கேஸ் ஹீட்டரின் குழாயைத் திறந்தவுடன் கை வெந்துவிட்டது.

காரணம் யாது? 60 டிகிரி சென்டிகிரேடு வெந்நீர் சுமார் 5 விநாடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். 50 டிகிரியில் அதற்குச் சுமார் 5 நிமிடங்கள் ஆகும்.

அப்படியானால் ஹீட்டரையே 40 டிகிரியில் வைக்கலாமே எனத் தோன்றும். அது தவறு. தொட்டியில் 20 முதல் 45 டிகிரி வரையிலான சூட்டில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகும். அந்நீரின் நுண்துளிகளைச் சுவாசித்தால் கடும் நிமோனியா வரலாம். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் இந்நோயால் மாண்டனர். மறு ஆண்டே கிருமி கண்டறியப்பட்டது. 60 டிகிரியில் அது மடியும்.

ஆகவே, தொட்டியில் 60 டிகிரி இருக்க வேண்டும். கலப்பு வால்வின் மூலம் குழாயில் 45 டிகிரிக்குள் வரவேண்டும். வால்வு இல்லையேல், வாளியில் முதலில் தண்ணீர், பிறகே வெந்நீர்.

இதை அம்மாவிடம் சொன்னேன். இப்போது அப்படியே செய்கிறார். கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்த எங்கள் குடும்பத்திற்கு என் படிப்பு தந்த முதற்பயன் இதுவே.