கட்டி முடித்தால் போதுமா?

ஊராட்சிகள் தீர்க்க வேண்டிய குறைகள் இருவகைப்படும். ஓடையின் குறுக்கே சிறு பாலம் ஒன்று வேண்டுமெனில், பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார், பணம் ஒதுக்கப்படும், பாலம் எழும். எழுந்த அன்றே ஊரார் அதன்மேல் நடப்பர். இது முதல் வகை. வீடுதோறும் கழிப்பறை கட்டியாகிவிட்டது. ஆயினும் விடியுமுன் மக்கள் வாய்க்காற்கரையையே நாடுகின்றனர். இது இரண்டாம் வகை. இங்கே செங்கல்லும் சிமெண்டும் மட்டும் போதா. நூறு வீட்டாரின் மனமும் ஒப்ப வேண்டும். ஒப்பாமைக்குக் காரணமோ தெருவுக்குத் தெரு வேறுபடும்.

இரண்டாம் வகைக் குறையை முதல் வகையாகக் கருதிச் செயற்படுவதனாலேயே வளரும் நாடுகளில் நல்ல திட்டங்கள் பல இடறி விழுகின்றன. அத்தகைய குறைகளைத் தீர்க்கக் கற்பது எங்ஙனம்? அதற்கான பாடம் நம் வட்டார அமைப்பின் வரலாற்றிலேயே இருக்கிறது.

எட்டாவா கற்பித்தது

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைப் பொறியாளராக இந்தியா வந்தவர் ஆல்பர்ட் மேயர். தொழிலால் அவர் கட்டட, நகரமைப்பு வல்லுநர். பண்டித நேருவுடன் அவர் கொண்ட தொடர்பின் பயனாக, 1948ஆம் ஆண்டில் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், மகேவா என்னும் ஊரை நடுவாகக் கொண்டு, 64 கிராமங்களில் முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது.

அதற்கு முன்னர் விவசாயத்திற்கு ஒருவர், கால்நடைக்கு ஒருவர், சுகாதாரத்திற்கு ஒருவர் என்று துறைதோறும் தனித்தனி ஊழியர் கிராமத்திற்கு வருவது வழக்கம். எட்டாவாவில் சில கிராமங்களுக்கு ஒருவராகப் பல்துறைப் பணியாளர் அமர்த்தப்பட்டார். விவசாயி கண்ணாற்கண்டு நம்பக்கூடிய நல்ல கோதுமை விதை, பசுந்தாள் உரம், கால்நடைத் தடுப்பூசி முதலியவற்றிற்கு முதலிடம் தரப்பட்டது. இவற்றினும் சிறந்த ஒன்றும் அங்கு இருந்தது. களத்தில் எது பலிக்கவில்லை என்பதைக் கீழ்நிலைப் பணியாளர் மேலதிகாரியின் முன் அஞ்சாமல் எடுத்துரைக்க வேண்டும் என்பதை மேயர் வற்புறுத்தினார். தவறு வெளிப்பட்டது; ஆகவே திருத்தவும் முடிந்தது.

இந்த அனுபவத்தைப் பின்பற்றி 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 55 சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. மறு ஆண்டே தேசிய விரிவுப் பணியும் வந்தது. வட்டாரங்கள் விரைவில் பெருகின. அலுவலகம், ஜீப், கிராம சேவகர், இலக்கு அட்டவணை ஆகிய யாவும் ஊர்தோறும் சென்றன. ஆனால் கேட்டறிந்து திருத்திக்கொள்ளும் பழக்கம் அதே வேகத்தில் செல்லவில்லை. 1957ஆம் ஆண்டில் பல்வந்தராய் மேத்தா குழு இத்திட்டங்களை ஆராய்ந்து, மக்களின் பங்கேற்பு போதவில்லை என்று கண்டது. மக்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களுக்கு வழிவகுத்தது.

ஓர் ஊரில் வெற்றி பெற்ற அமைப்பை மற்றோர் ஊருக்கு எடுத்துச் செல்லலாம். அவ்வூரார் கற்ற விதத்தை வண்டியில் ஏற்றிச் செல்ல இயலாது. அந்தந்த ஊரே அதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

நம் பிழை

இவ்வளவும் படித்திருந்தும், நாமே அப்பிழையைச் செய்தோம். 2014ஆம் ஆண்டு தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின்கீழ் வீடொன்றுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் கழிப்பறைகள் கட்டப்பெற்றன. நம் பதிவேட்டில் 'பணி முடிந்தது' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். சில திங்கள் கழித்து ஓர் ஊராட்சியைச் சுற்றி வந்தபோது, ஓர் அறையில் விறகும் மற்றோர் அறையில் எருவரட்டியும் இருக்கக் கண்டோம். பல அறைகள் பூட்டியே கிடந்தன. நோய் பரவும் விதத்தை விளக்கிக் கூட்டம் நடத்தினோம். மக்கள் மரியாதையுடன் கேட்டனர், எழுந்து சென்றனர், எதுவும் மாறவில்லை.

பின்னரே வார்டு உறுப்பினர்களுடன் வீடு வீடாகச் சென்று வினவினோம். மேலத்தெருவில் பெண்கள் கூறிய காரணம் தண்ணீர். குழாய் தெருக்கோடியில் இருந்தது. குடிக்கச் சுமக்கும் குடத்தோடு இதற்கும் சுமக்க அவர்களால் இயலவில்லை. கீழத்தெருவில் ஒரு முதிய விவசாயி, "ஐயா, குழி நிறைந்தால் அள்ளுவது யார்? அந்தப் பாரத்தைப் பேரன் தலையில் ஏற்றவா?" என்று கேட்டார். வேறு சில வீடுகளில் முழங்கால் வலியுற்ற முதியோர் குந்தி எழ முடியாமல் தவித்தனர். நோயைப் பற்றி அறியாதார் ஒருவரும் இலர். நாம் சொன்ன விடை அவர்கள் கேளாத வினாவுக்குரியது.

சிறிதாகத் தொடங்கியது

முதலில் கீழத்தெருவின் அச்சத்தை எடுத்துக்கொண்டோம். இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு, வழியை மறு குழிக்குத் திருப்ப வேண்டும். மூடிய குழியை இரண்டாண்டுகள் தொடாதிருந்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற உலர்ந்த எருவாகிவிடும். இதைச் சொல்லி நம்பவைக்க இயலாது. அங்ஙனம் மூடிக் கிடந்த குழி ஒன்று பக்கத்து ஊராட்சியில் இருந்தது. ஊராரை அங்கு அழைத்துச் சென்று, வீட்டுக்காரர் அதைத் திறந்து எருவைத் தம் தென்னங்கன்றுகளுக்கு இடுவதைக் காணச் செய்தோம். வினா எழுப்பிய பெரியவர் அந்த எருவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். நாம் நடத்திய கூட்டங்கள் செய்யாததை அந்த ஒரு பிடி எரு செய்தது.

மேலத்தெருவில் ஐந்து வீடுகளுக்கு மட்டும் குழாயை நீட்டிப் பார்த்தோம். முதல் வாரமே அது பொய்த்தது. தேவையான அதிகாலையில் தண்ணீர் ஏறவில்லை. தொட்டி இயக்குபவரைக் கலந்தபோது, மோட்டாரை இரவிலேயே ஓட்டித் தொட்டியை நிரப்பி வைத்தால் போதும் என்றார். அவ்வாறே செய்தபின் தண்ணீர் வந்தது. அதன் பின்னரே மற்ற வீடுகளுக்குக் குழாய் நீட்டினோம். முதியோர் வீடுகளில் பற்றி எழ ஒரு கைப்பிடிக் கம்பியும் உயர்ந்த இருக்கையும் வேண்டியிருந்தன. இன்றும் எல்லா வீடுகளும் மாறிவிடவில்லை. ஆனால் மாறாத வீட்டின் காரணம் இன்னதென்று இப்போது நமக்குத் தெரியும்.

உறுப்பினர்கள் கைக்கொள்ளத் தக்கவை

ஒன்று: 'கழிப்பறை இல்லை' என்று தீர்வையே குறையாக எழுதாதீர்கள். 'விடியுமுன் பெண்கள் இருளில் நடக்க வேண்டியிருக்கிறது' என்று துன்பத்தை எழுதுங்கள்.

இரண்டு: 'ஏன்' என்று துன்புறுவோரையே கேளுங்கள். விடை தெருவுக்குத் தெரு வேறுபட்டால் வியவாதீர்கள், தீர்வும் வேறுபடட்டும்.

மூன்று: ஐந்து வீடுகளில் செய்து பாருங்கள். பொய்த்தால் இழப்பு சிறிது; படிப்பு பெரிது.

நான்கு: பொய்த்ததையும் பதிவேட்டில் எழுதுங்கள். அதை எழுதியவரைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை உண்மை நம்மிடம் வந்து சேராது. இவ்வறிவுரை முதலில் எம்போன்ற அலுவலர்க்கே உரியது.

நாற்றங்காலில் விதையைத் தேறிப் பார்த்த பின்னரே விவசாயி வயல் முழுதும் நடுகிறார். ஊர்ப்பணியிலும் அந்தப் பொறுமை வேண்டும். அடுத்து வரும் கிராம சபையில் 'முடிந்த பணிகள்' பட்டியலைப் படித்தபின், முடிந்தும் பயன்படாத பணி ஒன்றின் பெயரைச் சொல்லி, அதன் காரணத்தை அவையோரிடம் கேளுங்கள். விடை பின்வரிசையில் அமர்ந்திருப்பவரிடம் இருக்கக்கூடும். அவர் பேசி முடிக்கும் வரை நாம் காத்திருப்போம்.